வாய் திறக்க முடியாத நோயாளிக்கு யார் காவல்?

ஆஸ்பத்திரியிலும் காப்பகத்திலும் நடக்கும் அக்கிரமம்: குடும்பத்தார் கவனிக்க வேண்டியது என்ன? சட்டம் சொல்வது என்ன?

பேச்சு வராது. எழுந்து நடக்க முடியாது. சின்னக் குழந்தையாக இருந்தபோது வலிப்பு கண்டு, அன்று முதல் காப்பகத்தில் படுத்த படுக்கை. 26 ஆண்டுகள் இப்படியே ஓடின. அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் ஆண் குழந்தை பிறந்தது!

அவள் கர்ப்பமாக இருந்த விஷயம் காப்பகத்தில் யாருக்கும் தெரியாது. துணி மாற்றப் போன நர்ஸ், குழந்தை வெளியே வருவதைப் பார்த்துப் பதறிப்போய்க் கத்தினாள். அதன் பிறகுதான் அந்தக் காப்பகத்தில் என்ன நடந்தது என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

இதுபற்றிய விவரம் வருமாறு:–

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் தலைநகரம் பீனிக்ஸ். அங்கே ஹசியெண்டா என்ற பெரிய காப்பகம் இருக்கிறது. மூளை வளர்ச்சி குன்றியவர்கள், நெடுங்கால நோயாளிகள் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு பராமரிக்கும் இடம் அது. 1992–ம் ஆண்டு 3 வயதுக் குழந்தையாக அந்தப் பெண் அங்கே சேர்க்கப்பட்டாள். 29–12–2018 அன்று பிரசவம் நடந்தபோது அவளுக்கு வயது 29.

பிறந்த குழந்தை மூச்சு விடாமல் நீலம் பூத்துக் கிடந்தது. ஊழியர்கள் அவசர போலீசுக்கு போன் செய்தார்கள். "கர்ப்பமாக இருந்ததே எங்களுக்குத் தெரியாது" என்று போனில் அலறினார்கள். நல்லவேளையாக குழந்தை பிழைத்துக்கொண்டது.

அந்தப் பெண் நினைவே இல்லாத ஜடம் என்று முதலில் செய்தி பரவியது. குடும்பத்தார் அதை மறுத்தார்கள். பேசத்தான் முடியாதே தவிர, ஓசை கேட்டால் அவளுக்குத் தெரியும், தலையை அசைப்பாள், முகத்தில் உணர்ச்சி காட்டுவாள் என்று அவர்கள் சொன்னார்கள். நடந்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லத்தான் வழி இல்லை.

டி.என்.ஏ. காட்டிக் கொடுத்தது

போலீசார் அங்கு வேலை செய்த ஆண்களிடம் எல்லாம் டி.என்.ஏ. மாதிரி எடுத்தார்கள். குழந்தையின் டி.என்.ஏ.வுடன் ஒரே ஒருவனுடையது ஒத்துப்போனது. அவன் வெளியாள் அல்ல. அவளுக்கு மருந்து கொடுத்துப் பணிவிடை செய்து வந்த ஆண் நர்ஸ்! வயது 36. அரசாங்க லைசென்ஸ் பெற்றவன்.

2019 ஜனவரியில் அவன் கைதானான். 2021–ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அந்த ஆண்டு டிசம்பரில் 10 ஆண்டு ஜெயில் தண்டனையும், விடுதலையான பிறகு ஆயுள் முழுவதும் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. குடும்பத்தாருக்கு மாநில அரசு 75 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இங்கேதான் ஒரு கேள்வி. வயிற்றில் குழந்தை ஒரே நாளில் வளர்ந்துவிடுவது இல்லை. மாதக்கணக்கில் வயிறு பெருத்திருக்கும். எடை ஏறியிருக்கும். மாதவிலக்கு நின்றிருக்கும். தினமும் குளிப்பாட்டினார்கள், துணி மாற்றினார்கள், மருந்து கொடுத்தார்கள். ஒருவர் கண்ணில்கூட இது படவில்லையா?

எடை கூடியது கண்ணில் பட்டிருக்கிறது. அதற்காக ஆகாரத்தைக் குறைத்தார்கள் என்று குடும்பத்தாரின் வக்கீல்கள் குற்றம் சாட்டினார்கள். எடை ஏன் கூடியது என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு விஷயமும் வழக்கில் வெளிவந்தது. தன் மகளுக்குப் பெண்கள் மட்டுமே பணிவிடை செய்ய வேண்டும் என்று தாயார் பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருந்தார். சரி என்று உறுதியும் கொடுத்தார்கள். வாயால் கொடுத்த அந்த உறுதி டூட்டி பட்டியலில் ஏறவே இல்லை.

அதோடு, இந்த வகைக் காப்பகங்களுக்கு மாநில அரசின் லைசென்ஸ் தேவை இல்லை என்று அரிசோனாவில் விதிவிலக்கு வேறு இருந்தது. சம்பவத்துக்குப் பிறகு 2019–ல்தான் அதை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

விழுப்புரம் ஆசிரமம்

'அது அமெரிக்கா, நம்ம ஊரில் இப்படி நடக்காது' என்று யாரும் நினைக்க வேண்டாம்.

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் கிராமத்தில் ஒரு ஆசிரமம் நடந்து வந்தது. மனநோயாளிகள், ஆதரவற்றவர்கள், வயதானவர்கள் எல்லோரையும் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். முறையான லைசென்ஸ் கிடையாது. இருந்தும் ஆண்டுக்கணக்கில் நடந்தது.

அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரை உறவினர் பார்க்க வந்தார். ஆள் இல்லை! வேறு ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கே போய்க் கேட்டாலும் ஆள் இல்லை. சென்னை ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு தாக்கல் ஆனது.

2023 பிப்ரவரியில் அதிகாரிகளும் போலீசாரும் ஆசிரமத்துக்குள் நுழைந்தார்கள். 140–க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். அடித்தார்கள், கட்டிப் போட்டார்கள் என்று பலர் கூறினார்கள். பலாத்காரம் செய்தார்கள் என்று பெண்கள் புகார் சொன்னார்கள். நிர்வாகிகளும் ஊழியர்களும் கைது செய்யப்பட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி. போலீசுக்கு மாற்றப்பட்டது.

ஒரு முதியவரைத் தேடி ஒரு சொந்தக்காரர் வந்ததால்தான் அத்தனை பேருடைய கதையும் வெளியே வந்தது. அவர் வந்திருக்காவிட்டால்?

சண்டிகார் அனாதைப் பெண்

2009–ம் ஆண்டு சண்டிகாரில் அரசாங்கமே நடத்தும் பெண்கள் விடுதியில் ஒரு சம்பவம். தாய் தகப்பன் இல்லாத, மனவளர்ச்சி குன்றிய ஒரு பெண் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. வயது 20க்குள். அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருந்தபோதே அவள் பலாத்காரம் செய்யப்பட்டிருந்தாள்.

கருவைக் கலைத்துவிட வேண்டும் என்று ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன், நம் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த நீதிபதி பி.சதாசிவம், நீதிபதி பி.எஸ்.சவுகான் ஆகியோர் விசாரித்தார்கள்.

அந்தப் பெண் குழந்தை வேண்டும் என்றாள். மனவளர்ச்சி குன்றியவள் என்பதற்காக அவள் விருப்பத்தைக் கேட்காமல் முடிவு எடுக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. விடுதியில் இருப்பவள் என்பதால் அவள் உடம்பு விடுதிக்குச் சொந்தம் ஆகிவிடாது என்பதை நாடு முழுவதற்கும் எடுத்துச் சொன்ன தீர்ப்பு அது.

மனநல விடுதிகளில் மட்டும்தான் இப்படி என்றும் சொல்வதற்கில்லை. 2025 ஏப்ரலில் டெல்லியை அடுத்த குர்கானில், பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது தன்னிடம் ஊழியர் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று விமானப் பணிப்பெண் ஒருவர் புகார் கொடுத்தார். செயற்கை சுவாசக் கருவி பொருத்தியிருந்ததால் அப்போது அவரால் கத்த முடியவில்லையாம். வீடு திரும்பிய பிறகுதான் கணவரிடம் சொல்லியிருக்கிறார். ஊழியர் ஒருவரை போலீசார் கைது செய்தார்கள்.

ஆளைப் பார்த்துத்தான் கை வைக்கிறான்

இந்தச் சம்பவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இந்தக் காமுகர்கள் ஆத்திரத்தில் தப்பு செய்பவர்கள் அல்ல. நிதானமாக ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

யாரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை? யார் மாத்திரை போட்டால் விடியும் வரை எழுந்திருக்க மாட்டாள்? யாருக்குப் பேச்சு வராது? யார் சொன்னால் 'அது பைத்தியம், ஏதாவது உளறும்' என்று தள்ளிவிடுவார்கள்? அவர்களுக்குத்தான் ஆபத்து.

நேரத்தையும் தேர்ந்தெடுக்கிறார்கள். நைட் டூட்டி, குளிப்பாட்டும் நேரம், ஒரே ஒரு ஊழியர் மட்டும் இருக்கும் நேரம், பரிசோதனைக்காக லிப்டில் வேறு மாடிக்குத் தள்ளிக்கொண்டு போகும் நேரம்.

அப்படிப்பட்டவன் முரடனாக இருப்பான் என்று எதிர்பார்க்கக் கூடாது. 'ரொம்ப நல்ல பையன், கூப்பிட்ட குரலுக்கு வருவான்' என்று பெயர் எடுத்தவனாக இருக்கலாம். யாரும் கேட்காமலே நைட் டூட்டிக்குக் கை தூக்குவான். ஓரிடத்தில் சந்தேகம் வந்தால், பெயர் கெட்டுவிடும் என்று பயந்து நிர்வாகம் போலீசுக்குப் போகாமல் சத்தம் இல்லாமல் வேலையை விட்டு அனுப்பிவிடும். அவன் அடுத்த ஆஸ்பத்திரியில் போய்ச் சேருவான். அங்கேயும் நல்ல பையன்!

குடும்பத்தாருக்கும் ஒரு பயம் உண்டு. புகார் சொன்னால் 'உங்க ஆளைக் கூட்டிட்டுப் போங்க' என்று சொல்லிவிட்டால் எங்கே வைத்துப் பார்ப்பது? இந்தப் பயம்தான் அக்கிரமக்காரனுக்குப் பெரிய பாதுகாப்பு.

'அவளும் சம்மதித்தாள்' என்று தப்ப முடியாது

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள பெண்ணைப் பலாத்காரம் செய்தால், குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல். ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். மன ஊனமோ உடல் ஊனமோ உள்ள பெண்ணிடம் யார் செய்தாலும் இதே தண்டனைதான்.

அவள் எதிர்க்கவில்லை, சத்தம் போடவில்லை என்று வாதம் செய்ய முடியாது. சம்மதத்தைத் தெரிவிக்க முடியாத நிலையில் உள்ள பெண்ணிடம் உடலுறவு கொண்டாலே அது பலாத்காரம்தான். புத்தி சுவாதீனம் இல்லாமலோ, மருந்து மயக்கத்திலோ, என்ன நடக்கிறது என்று புரியாமல் 'சரி' என்று தலையாட்டினாலும் அது சம்மதம் ஆகாது.

புரிந்தே சம்மதித்தாள் என்று வைத்துக்கொண்டாலும் ஊழியர் தப்ப முடியாது. ஆஸ்பத்திரியில் தனக்குள்ள பதவியைப் பயன்படுத்தி ஒரு பெண்ணை இணங்க வைத்தால், அது தனிக் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை ஜெயில்.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்ட ஆணோ பெண்ணோ என்றால் போக்சோ சட்டம் பாயும். ஆஸ்பத்திரி ஊழியர் பலாத்காரம் செய்தால் குறைந்தது 20 ஆண்டு. விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மூடி மறைக்கும் நிர்வாகியும் ஜெயிலுக்குப் போக வேண்டி வரும்.

ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. வயது வந்த ஆண் நோயாளிக்கு இந்தக் கொடுமை நடந்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 377–வது பிரிவு இருந்தது. புதிய சட்டத்தில் அதற்கு இணையான பிரிவு இல்லை. தாக்குதல், காயம் போன்ற பிரிவுகளில்தான் வழக்கு போட வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அண்ணன் தம்பிக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதைக் குடும்பத்தார் மறக்கக் கூடாது.

நோயாளிக்கு உள்ள உரிமைகள்

மனநோயாளிகளுக்காக 2017–ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அதில் உள்ள சில உரிமைகள் பலருக்குத் தெரியாது:–

* உடல், மனம், பாலியல் ஆகிய எந்த வகைக் கொடுமையும் நடக்காமல் பாதுகாப்புப் பெறும் உரிமை.

* உடம்பு வெளியே தெரியாமல் மானமாக உடுத்தும் உரிமை. பெண்களுக்கு மாதவிலக்குக் காலத்தில் தேவையான பொருள் பெறும் உரிமை.

* கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது.

* யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. 2001 ஆகஸ்டு 6–ந் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியதைத் தமிழ்நாடு மறக்க முடியாது.

* பார்க்க வருபவர்களைச் சந்திக்கவும், போனில் பேசவும் உரிமை.

* குறைகளைப் பற்றிப் புகார் செய்யும் உரிமை. முதலில் பொறுப்பு டாக்டரிடம். தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடம்.

பதிவு செய்யாமல் மனநலக் காப்பகம் நடத்துவது குற்றம். அபராதம் 5 ஆயிரம் ரூபாயில் தொடங்கி, திரும்பத் திரும்ப அதே தப்பைச் செய்தால் 5 லட்சம் வரை போகும்.

சேர்ப்பதற்கு முன்பு

அம்மாவையோ, தங்கையையோ, பிள்ளையையோ காப்பகத்தில் சேர்க்கும் நிலை யாருக்கும் வரலாம். கடைக்கும் ஆபீசுக்கும் போகிறவர்கள் 24 மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. சேர்ப்பது தப்பு இல்லை. விசாரிக்காமல் சேர்ப்பதுதான் தப்பு. மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் இவற்றைக் கேட்க வேண்டும்:–

* பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா? சுவரில் மாட்டியிருக்கிறதா? தேதி முடிந்துவிட்டதா?

* ஊழியர்களை வேலைக்கு எடுக்கும்போது போலீஸ் விசாரணைச் சான்று வாங்குகிறார்களா? முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்கிறார்களா?

* பெண் நோயாளியைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது யார்? பெண் ஊழியர்தான் என்றால், அதை எழுதிக் கொடுப்பார்களா?

* ராத்திரியில் பெண்கள் வார்டில் எத்தனை பெண் ஊழியர்கள்? ஆண் ஊழியர் உள்ளே போக வேண்டி வந்தால் உடன் ஒரு பெண் போகிறாரா?

* பெண் நோயாளியை ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது நர்சோ ஆயாவோ பக்கத்தில் நிற்கிறார்களா?

* வராந்தாவிலும் வாசலிலும் கேமரா இருக்கிறதா? படம் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? (குளிக்கும் இடம், துணி மாற்றும் இடத்தில் கேமரா இருந்தால் அந்த இடமே வேண்டாம்.)

* சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கலாமா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். 'முன்கூட்டியே போன் செய்துவிட்டு வாங்க, ஆபீஸ் ரூமில் கூட்டி வந்து காட்டுகிறோம்' என்று சொல்லும் காப்பகத்தில் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

சேர்த்த பிறகு

ஆள் வந்து போகிற நோயாளியின் மீது கை வைக்கப் பயப்படுவார்கள். ஒரு நாள் காலையில் போக வேண்டும். இன்னொரு நாள் விளக்கு வைத்த பிறகு போக வேண்டும். ஊழியர்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். யார் எந்த ஷிப்டு என்று கவனிக்க வேண்டும். ஒரே ஆள் தொடர்ந்து ராத்திரியில் இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

பெண் நோயாளியாக இருந்தால் மாதவிலக்குத் தேதியைக் குறித்து வைக்கிறார்களா என்று கேட்பதில் வெட்கம் கூடாது. பீனிக்ஸ் காப்பகத்தில் அந்தத் தேதியை ஒருவர் ஒழுங்காகக் குறித்து, தள்ளிப்போனதற்குக் காரணம் கேட்டிருந்தால், விஷயம் மாதக்கணக்கில் முன்பே வெளிவந்திருக்கும்.

கீழ்க்கண்ட மாற்றங்கள் தெரிந்தால் உஷாராக வேண்டும்:–

குளிக்க அழைத்தால் திடீரென்று பயப்படுவது; குறிப்பிட்ட ஊழியரைக் கண்டால் நடுங்குவது, அழுவது; தொடையிலும் புஜத்திலும் கன்றிய தழும்பு; துணியில் கிழிசல், ரத்தக் கறை; சிறுநீர் போகும்போது எரிச்சல்; மாதவிலக்கு நிற்பது, வாந்தி; காரணம் இல்லாமல் சாப்பிட மறுப்பது; எப்போதும் மயக்கத்திலேயே இருப்பது.

இவற்றில் ஒன்று இருந்தாலே அக்கிரமம் நடந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. காரணம் கேட்க வேண்டும் என்று அர்த்தம். 'வயசானா அப்படித்தான்', 'மன நோயாளின்னா அப்படித்தான்' என்ற பதிலோடு திரும்பி வரக் கூடாது.

சந்தேகம் வந்தால்

முதல் காரியம்: நோயாளியை அந்த ஊழியரிடம் இருந்து பிரிக்க வேண்டும். தனியாக விடக் கூடாது.

இரண்டாவது: குளிப்பாட்டக் கூடாது. போட்டிருந்த துணியைத் துவைக்கக் கூடாது. படுக்கை விரிப்பையும் சேர்த்துக் காகிதப் பையில் போட்டு வைத்து போலீசிடம் கொடுக்க வேண்டும். பாசம் காரணமாகக் குளிப்பாட்டி, புதுத் துணி உடுத்திக் கூட்டிப் போகிறவர்கள் தங்களை அறியாமலே தடயத்தை அழித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது: நிர்வாகத்திடம் பேசி முடிக்கக் கூடாது. நேராக மகளிர் போலீஸ் நிலையத்துக்குப் போகலாம். 112 என்ற அவசர எண்ணுக்கு போன் செய்யலாம். பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. முதியவர்களுக்கு 14567.

புகாரை வாங்க மறுக்கும் போலீஸ்காரருக்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் என்று சட்டம் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் ஊனமுற்றவர் என்றால் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியது இல்லை. அவர் இருக்கும் இடத்துக்கே போலீசார் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். சைகை மொழி தெரிந்தவரோ, சிறப்பு ஆசிரியரோ பக்கத்தில் இருக்க வேண்டும். வீடியோவில் பதிவு செய்ய வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும், தனியார் என்றாலும், உடனே இலவசமாகச் சிகிச்சை கொடுக்க வேண்டும். மறுத்தால் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை ஜெயில்.

சொந்தக்காரராக இல்லாவிட்டாலும் புகார் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர், காப்பகத்துக்குப் பால் ஊற்றுகிறவர், மளிகை கொண்டுபோய்ப் போடுகிறவர் யாராக இருந்தாலும், ஊனமுற்றவருக்குக் கொடுமை நடப்பதாக நம்பக் காரணம் இருந்தால் தாசில்தார், ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுக்கலாம் என்று 2016–ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. அவர் போலீசை வைத்து ஆளை மீட்க உத்தரவிடலாம்.

பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றம். 2 ஆண்டு வரை ஜெயில். 'ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்' என்று பயந்து பேசாமல் இருக்க வேண்டியது இல்லை.

சைகையும் சாட்சியம்தான்

'ஊமை எப்படி சாட்சி சொல்லும்? பைத்தியம் சொல்றதை கோர்ட்டு நம்புமா?' இந்தக் கேள்வியால் பல வழக்குகள் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்காமலே முடிந்துவிடுகின்றன.

கோர்ட்டு நம்பும். வாய் பேச முடியாதவர் எழுதிக் காட்டலாம், சைகை காட்டலாம். அது வாயால் சொன்ன சாட்சியத்துக்குச் சமம். மனநோய் உள்ளவர் என்பதற்காக மட்டும் சாட்சிக் கூண்டில் ஏறத் தகுதி இல்லை என்று தள்ளிவிட முடியாது. கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல முடிந்தால் போதும்.

ஆந்திர மாநிலத்தில் பார்வை இல்லாத ஒரு பெண், தன்னைப் பலாத்காரம் செய்தவனைக் குரலை வைத்து அடையாளம் சொன்னார். வீட்டுக்கு வந்து போகும் ஆள் என்பதால் அவன் குரல் அவருக்குத் தெரியும். 2021 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சாட்சியத்தை ஏற்று ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஊனம் உள்ளவர் சொன்னார் என்பதற்காக ஒரு சாட்சியத்தின் மதிப்பு குறைந்துவிடாது என்றும் கூறியது.

வெளியாள் கேட்டதால் வெளிவந்த உண்மை

பீகாரில் முசாபர்பூர் நகரத்தில் அரசாங்கப் பணத்தில் நடந்த சிறுமிகள் விடுதி. மேற்பார்வை பார்க்க அதிகாரிகள் உண்டு. காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு. பம்பாயில் உள்ள டாடா சமூக அறிவியல் கழகத்தைச் சேர்ந்த குழுவினர் பீகார் விடுதிகளை ஆய்வு செய்யப் போனார்கள். பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் சிறுமிகளிடம் பேச்சுக் கொடுத்தார்கள். அக்கிரமம் வெளியே வந்தது.

மருத்துவப் பரிசோதனையில் 30–க்கும் மேற்பட்ட சிறுமிகள் சீரழிக்கப்பட்டது தெரிந்தது. டெல்லி கோர்ட்டு 2020–ல் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. விடுதியை நடத்தியவனுக்குச் சாகும் வரை ஜெயில். தண்டனை பெற்றவர்களில் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரியும் ஒருவர். காவலுக்கு வைத்த ஆளே வேலியைத் திறந்துவிட்ட கதை!

சோதனைக்குப் போகிறவர்கள் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து காபி சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வந்தால் பயன் இல்லை. நோயாளியின் கட்டில் பக்கத்தில் போய், ஊழியர்களை வெளியே நிறுத்திவிட்டு, 'ராத்திரியில் யார் வருவாங்க? உனக்கு யாரைக் கண்டால் பயம்?' என்று கேட்க வேண்டும்.

41 ஆண்டு காத்த நர்சுகள்

காப்பாற்ற முடியும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த அருணா ஷான்பாக்கை, 27–11–1973 அன்று அங்கு வேலை செய்த துப்புரவுத் தொழிலாளி நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கிச் சீரழித்தான். மூளைக்கு ரத்தம் போகாமல் அவர் உணர்விழந்தார். அவனுக்குக் கிடைத்தது 7 ஆண்டுதான். (பலாத்காரம் செய்து ஒருவரை இந்தக் கதிக்கு ஆளாக்கினால், இன்றைய சட்டப்படி குறைந்தது 20 ஆண்டு. தூக்குத் தண்டனை வரை கொடுக்கலாம்.)

அதே ஆஸ்பத்திரியில் அருணா 18–5–2015 வரை படுக்கையில் இருந்தார். 41 ஆண்டுகளுக்கும் மேலாக அவரைக் குளிப்பாட்டி, உணவு ஊட்டி, பாதுகாத்தவர்கள் அந்த ஆஸ்பத்திரி நர்சுகள்தான். அருணாவோடு வேலை பார்த்தவர்கள் ரிட்டயர் ஆனார்கள். அவரை ஒரு நாளும் ஆரோக்கியமாகப் பார்த்திராத புது நர்சுகள் வந்தார்கள். அவர்களும் அதே போலப் பார்த்துக்கொண்டார்கள். அந்த நர்சுகளின் பணியை 2011–ல் சுப்ரீம் கோர்ட்டே மனம் திறந்து பாராட்டியது.

அவரும் பேச முடியாத நோயாளிதான். ஆனால் அவரை எங்கள் ஆள் என்று நினைக்க அங்கே ஒரு கூட்டமே இருந்தது. அந்த எண்ணம் இல்லாத வார்டில் கேமராவும் பூட்டும் பாதி வேலைதான் செய்யும்.

நோயாளிகளைப் பார்க்கும் ஊழியர்களில் பெரும்பாலோர் யோக்கியமானவர்கள். குறைந்த சம்பளத்துக்கு, சொந்தப் பிள்ளைகளே முகம் சுளிக்கும் வேலையைச் செய்கிறவர்கள். தப்பு நடந்தால் முதலில் கண்ணில் படுவதும் அவர்களுக்குத்தான். புகார் சொன்ன ஆயாவின் வேலைக்கு ஆபத்து வராது என்ற உறுதியை நிர்வாகம் கொடுத்தால் பாதி அக்கிரமம் தானாகவே நின்றுவிடும்.

மீதிப் பாதி குடும்பத்தார் கையில் இருக்கிறது. காப்பகத்தில் யாரையாவது சேர்த்துவிட்டு, மாதா மாதம் பணம் மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். போன் செய்யாமல் போக வேண்டும்.